உதவி: தண்ணீரில் போட்ட இலை அழுகுகிறது!

பால்கனி_பச்சை: அவசரம். தொட்டியை நகர்த்தும்போது சாய்ந்து இலை முறிந்துவிட்டது. துண்டு போட்டுத் தண்ணீரில் வைத்தேன். இப்போது அடிப்பக்கம் கொழகொழவென்று ஆகி நாற்றம் அடிக்கிறது. காப்பாற்ற முடியுமா?

மண்வெட்டி: எந்தச் செடி? வெட்டியதும் காயவிட்டீர்களா? படம் போடுங்கள்.

வேப்பமரத்தடி: குழாய்த் தண்ணீர் காரணமாக இருக்குமோ? குளோரின். ஒரு வாளியில் பிடித்து ராத்திரி முழுக்கத் திறந்து வைத்துவிட்டு ஊற்றுங்கள்.

கொத்துமல்லி: வெட்டுவாயில் சோற்றுக்கற்றாழைச் சாறு தடவி நடுங்கள். எதுவானாலும் பிடித்துக்கொள்ளும்.

மண்வெட்டி: எதுவானாலுமா? செடி பேரே தெரியவில்லையே.

பால்கனி_பச்சை: ஸ்நேக் பிளாண்ட். ஓரத்தில் மஞ்சள் பட்டை இருக்கும். காயவிடவில்லை.

தோட்டத்து_வாத்தியார்: இதே கேள்விக்கு இங்கே எத்தனை முறை எழுதுவது? தேடிப் பார்க்கும் பொறுமை ஒருவருக்கும் இல்லை. சரி, கவனமாகப் படியுங்கள். அழுகலைக் கெட்டிச் சதை வரும்வரை வெட்டி எறியுங்கள். கத்தியை ஒவ்வொரு வெட்டுக்கும் ஸ்பிரிட்டால் துடையுங்கள். நிழலில் 3, 4 நாள் வையுங்கள், வெட்டுவாய் காய்ந்து தோல் கட்ட வேண்டும். அப்புறம் மணலும் கோகோபீட்டும் (தேங்காய் நார்த்தூள்) கலந்து ஓர் அங்குல ஆழத்தில் நடுங்கள். மண் நன்றாகக் காய்ந்தால்தான் தண்ணீர். முக்கியமாக, செடியில் இருந்தபோது கீழே இருந்த முனைதான் மண்ணுக்குள் போக வேண்டும். தலைகீழாக நட்டால் வேர் வராது.

பால்கனி_பச்சை: எது கீழ்முனை என்று குறித்து வைக்கவில்லையே?

மண்வெட்டி: அழுகலை வெட்டும் முன்பே துண்டுகளைத் தரையில் வரிசையாகச் சேர்த்துப் பாருங்கள். இலையின் குறுக்கே ஓடும் கரும்பச்சை வரிகள் வெட்டிய இடத்தில் ஒன்றோடொன்று பொருந்தும். கூரான நுனித் துண்டு கிடைத்தால் மற்றதெல்லாம் தானாகத் தெரிந்துவிடும். இன்னொன்று, மஞ்சள் ஓரத்தை எதிர்பார்க்காதீர்கள். இலைத் துண்டிலிருந்து வரும் குட்டி முழுப் பச்சையாகத்தான் வரும். மஞ்சள் வேண்டுமென்றால் தாய்ச்செடியின் கிழங்கைப் பிரித்துத்தான் வைக்க வேண்டும்.

கொத்துமல்லி: எங்கள் மணி பிளாண்ட் ஒற்றை இலையே தண்ணீரில் வேர் விட்டிருக்கிறது. இவ்வளவு சட்டம் தேவையா?

தோட்டத்து_வாத்தியார்: வேர் விடும், துளிர் விடாது. கணு இல்லாத மணி பிளாண்ட் இலை வேரோடு அப்படியே நிற்கும். கொடியை ஒரு கணுவாவது சேர்த்து வெட்டுங்கள்.

வேப்பமரத்தடி: அப்படியானால் ரணகள்ளி? ஒற்றை இலையைச் சுவரில் கட்டிப்போட்டாலே குட்டி போடுகிறதே.

தோட்டத்து_வாத்தியார்: அதன் இலை ஓரத்தில் பல் பல்லாக இருக்கும் இடங்களிலேயே மொட்டு இருக்கிறது. அதை வைத்து மணி பிளாண்டை எடை போடாதீர்கள்.

கொத்துமல்லி: மூன்று மாதமாக இலையும் வேருமாகவே நிற்கிறது, அது உண்மைதான். ஆனால் கற்றாழைச் சாறு பற்றி நான் சொன்னது சொன்னதுதான்.

மண்வெட்டி: ஸ்நேக் பிளாண்டுக்கு வெட்டுவாய் காய வேண்டும். அங்கே ஈரச் சாற்றைத் தடவினால் அழுகல்தான் கூடும்.

வேப்பமரத்தடி: குளோரினைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

பால்கனி_பச்சை: இரண்டு துண்டு தேறியது. வரி பொருந்தியது, காயவைத்திருக்கிறேன். நன்றி.

மண்வெட்டி: நட்டபின் வேர் வந்ததா என்று பிடுங்கிப் பார்க்காதீர்கள். குட்டி தலைகாட்ட மாதக்கணக்கில் ஆகும்.