விடுபட்ட நோடுகளைத் தானாக நிறுவும்போது டார்ச் பதிப்பு மாறிவிடுகிறது

வணக்கம். காம்ஃபியுஐ (நோடுகள் எனப்படும் செயல்பாட்டுக் கட்டங்களை இணைத்து ஏஐ படங்களை உருவாக்கும் மென்பொருள்) பணியோட்டம் ஒன்றைத் திறந்தபோது ஏழு நோடுகள் சிவப்பாக நின்றன. மேலாளர் நீட்சி வழியாக விடுபட்டவற்றை நிறுவி மறுதொடக்கம் செய்ததில் ஐந்து சரியாகிவிட்டன. மீதி இரண்டும் நான்கு நாட்களாக ‘இம்போர்ட் ஃபெயில்டு’ என்றே காட்டுகின்றன. விண்டோஸ் 11, போர்ட்டபிள் பதிப்பு, அதனுள் இருக்கும் பைத்தான் 3.12, 12 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3060 கிராஃபிக்ஸ் அட்டை ஆகியவற்றைப் பயன்படுத்துகிறேன்.

முதலில் வழக்கமான கட்டளைச் சாளரத்தில் பிப் (பைத்தான் தொகுப்புகளை நிறுவும் கருவி) கட்டளையைக் கொடுத்தேன். அது கணினியின் பொதுப் பைத்தானில் நிறுவிக்கொண்டிருந்ததை உணரவே அரை நாள் ஆயிற்று. பிறகு உள்ளிருக்கும் பைத்தானையே அழைத்து, இரண்டு நோடுகளின் தேவைப் பட்டியல்களையும் தனித்தனியாக நிறுவினேன். ஒன்று நம்பை (NumPy என்ற எண் கணக்கீட்டுத் தொகுப்பு) 2-க்குக் குறைவாக இருக்க வேண்டும் என்கிறது, மற்றொன்று 2 அல்லது அதற்கு மேல் கேட்கிறது. கடைசியாக நிறுவியது வேலை செய்ய, மற்றது சிவப்பாகிவிடுகிறது. எல்லா நோடுகளும் ஒரே பைத்தானில் ஓடுவதால் தனித்தனி மெய்நிகர் சூழல்களும் இங்கே உதவாது. இதைவிட மோசமாக, ஒரு பட்டியலில் டார்ச்சின் (ஏஐ மாதிரிகளை இயக்கும் தொகுப்பு) பதிப்பும் குறிப்பிடப்பட்டிருந்ததால், பிப் கிராஃபிக்ஸ் அட்டையில் ஓடும் கூடா (CUDA) பதிப்பை நீக்கிவிட்டுச் சிபியுவில் மட்டும் ஓடும் பதிப்பைப் போட்டுவிட்டது. நல்லவேளையாகப் பைத்தான் கோப்புறையை முன்பே நகலெடுத்து வைத்திருந்தேன்.

கையால் நிறுவும்போது கட்டுப்பாட்டுக் கோப்பு கொடுத்துப் பதிப்புகளைப் பூட்டலாம் என்று தெரியும். மேலாளர் நீட்சி தானாக நிறுவும்போதும் டார்ச், நம்பை இரண்டையும் தொடாதபடி அதே போன்ற பூட்டை எங்கே, எப்படி அமைப்பது?