மூன்றாவது தூணை எடுத்துவிடலாமா? 19 மாதத்தில் 11 இடி

பூக்கடை அக்கா:

வணக்கம். பேராக்கில் முதலாம் எண் கூட்டரசுச் சாலையோரம் இருக்கும் பழைய தோட்டப் பட்டணம் எங்களுடையது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, லயத்து ஆட்கள் பாதிப்பேர் தாமான் குடியிருப்பு வீடுகளுக்கு வந்துவிட்டார்கள். சாலை முனையில் கடை வரிசையின் முதல் கடை என் பூக்கடை. எதிரில் கோயில், பின் தெருவில் தமிழ்ப்பள்ளி.

என் கடைக்கு முன்னால் அஞ்சடி என்கிற நடைபாதையின் ஓரமாக ஆறு இரும்புத் தூண்கள் நட்டிருக்கிறார்கள். மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை அடித்தவை. உயரம் என் இடுப்புக்கும் கீழேதான். தியாங் என்றால் ஊரில் எல்லாருக்கும் தெரியும். நட்ட நாளிலிருந்து எது வந்து இடித்தாலும் 555 நோட்டில் எழுதி வைக்கிறேன். கடன் எழுதும் அதே நோட்டுதான், பின்பக்கத்திலிருந்து எழுதுகிறேன். 19 மாதத்தில் 11 இடி. அதில் 8 மூன்றாவது தூணுக்கு மட்டும்.

போன செவ்வாய் காலை 7 மணி இருக்கும். கேமரன் மலையிலிருந்து வந்த செவ்வந்தியை வாளியில் போட்டுக்கொண்டிருந்தேன். டங்கென்று சத்தம். வெள்ளை மைவி கார். சிக்னல் விளக்கின் ஆரஞ்சுத் துண்டு ஒன்று தெறித்து வாளிக்குள் விழுந்திருக்கிறது, பூவோடு பூவாகக் கிடந்ததால் மாலை கட்டும்போதுதான் கையில் குத்தியது. ஓட்டி வந்த தம்பி இறங்கி, "தெரியவே இல்லக்கா" என்றான். 11 பேரில் 9 பேர் சொன்னது இதேதான். அவன் பொய் சொல்லவில்லை. முகம் வெளிறிப்போய் நின்றான், தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தேன்.

இப்போது கடைக்காரர்கள் சிலர் தூண்களை எடுக்கச் சொல்லிக் கையெழுத்து வாங்குகிறார்கள். சாமான் வாங்க வருகிறவர்களின் கார் அடிபடுகிறது என்கிறார்கள். தாள் என் கடைக்கும் வந்தது, நான் போடவில்லை. தூண் வருவதற்கு முன்னால் ஒரு கார் அஞ்சடியில் ஏறி, பிள்ளைகள் வேனுக்குக் காத்திருக்கும் பெஞ்சை உடைத்துக்கொண்டு என் கடை கிரில்லில் வந்து நின்றது. அன்றைக்குப் பள்ளி விடுமுறை, பெஞ்சோடு போயிற்று. அதன் கால் ஒன்று இன்னும் கடைக்குப் பின்னால் கிடக்கிறது.

இரண்டாம் ஆண்டு படிக்கும் பிள்ளை ஒருத்தி தினமும் பள்ளி விட்டதும் அந்த மூன்றாவது தூணில் பையைச் சாய்த்துவிட்டு, தூணின் தலையில் கையை வைத்துக்கொண்டு சாலை கடக்க நிற்பாள். தூண் அவள் இடுப்புக்குச் சற்று மேலே வரும். மஞ்சள் பூசிய இரும்பே தெரியவில்லை என்கிறவர்களுக்கு அவள் தெரிவாளா? இதை நினைத்தால் நார் முடிகிற கை அப்படியே நின்றுவிடுகிறது.

ஏன் அந்த ஒரே தூண்? எடுக்கச் சொல்வதற்குப் பதிலாக நாங்கள் எதைக் கேட்க வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற டெக்னீஷியன், தைப்பிங்:

சாலை வேலையில் 31 வருடம் இருந்தவன். நோட்டு வைத்திருக்கிறீர்களே, அதற்கே நன்றி. ஒன்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்: அந்த 8 வண்டிக்கும் எந்தப் பக்கம் அடி? எங்கிருந்து வந்தவை?

பூக்கடை அக்கா:

பார்த்துவிட்டேன் ஐயா. 7 வண்டிக்கு இடது முன்பக்கம். எட்டும் பின் தெருவிலிருந்து வெளியே வந்தவைதான். மீதி 3 இடி பெரிய சாலையிலிருந்து உள்ளே திரும்பியவை, அவை முதல் இரண்டு தூணில்.

ஓய்வுபெற்ற டெக்னீஷியன், தைப்பிங்:

அப்படியானால் இது இரண்டு வேறு கோளாறு.

முதலாவது, வெளியே வருகிறவர்கள். நாம் இடப்பக்கம் ஓட்டுகிறோம். தெருவிலிருந்து இடதுபக்கம் திரும்புகிறவர் வலப்பக்கமிருந்து வரும் வண்டிகளைப் பார்த்தபடியே காரை நகர்த்துவார். இடைவெளி கிடைத்ததும் கால் அழுத்திவிடும், தலை இன்னும் வலப்பக்கம்தான் இருக்கும். கார் போவதோ இடப்பக்கம். அந்தப் பக்கம் முன் கண்ணாடியின் ஓரத்தில் கூரையைத் தாங்கும் சட்டம் ஒரு ஆளையே மறைக்கும். கிட்டே வந்தபின் குட்டைத் தூண் பானெட்டுக்குக் கீழே போய்விடும். அந்தத் தம்பி தெரியவில்லை என்றது உண்மைதான். அந்தப் பிள்ளை நிற்கும் இடமும் அதே மறைவுக்குள் இருக்கிறது. நீங்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது.

இரண்டாவது, உள்ளே வருகிறவர்கள். வடக்கு தெற்கு நெடுஞ்சாலை 1994-இல் முழுதாகத் திறக்கும் வரை தூர லோரி, பஸ் எல்லாம் உங்கள் பட்டணத்துக்குள்தான் புகுந்து போயின. அந்தக் காலத்துச் சந்துமுனைகளை அகல வளைவாக வெட்டி வைத்தார்கள். இப்போது அதில் கார்கள் பிரேக்கைத் தொடாமலே திரும்புகின்றன. 40 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பும் கார் ஒரு நொடியில் 11 மீட்டர் போகும், 20-இல் என்றால் ஐந்தரை. வேகம் பாதியானால் மோதலின் ஆற்றல் நாலில் ஒன்றாகிவிடும். வளைவை இறுக்கினால் வேகம் தானாகக் குறையும், பலகை நட்டுக் கெஞ்ச வேண்டியதில்லை.

தூணைப் பிடுங்கினால் அதே கார் அதே மறைவில் அதே வழியாகத்தான் வரும், குறுக்கே இரும்பு இருக்காது. அடியில் தகடு வைத்து நாலு போல்ட் முடுக்கியிருக்கிறார்களா என்று பாருங்கள். அப்படி இருந்தால் அது மெதுவாக வரும் காரைத்தான் தாங்கும். மெல்பர்னில் 2017-இல் பர்க் தெருவில் ஒருவன் நடைபாதையில் காரை ஓட்டி ஆட்களைக் கொன்ற பிறகு அந்த நகரத்தில் நட்ட தூண்கள் வேறு ரகம், வேகமாக வரும் வண்டியை நிறுத்தவென்றே செய்தவை. இதை அப்படி நம்பிப் பிள்ளைகளைப் பின்னால் நிறுத்த வேண்டாம்.

மோட்டார்க்காரர் தங்கை:

அக்கா, ஐயா, மன்னிக்கணும், நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். என் அண்ணன் மழை இரவில் கப்சாய் மோட்டாரில் வந்து இப்படி ஒரு தூணில் மோதினார். பட்டை மங்கிப் போய், விளக்கில்லாத இடம். தொடை எலும்பில் தகடு வைத்திருக்கிறது, இன்றைக்கும் குளியலறையில் சுவரைப் பிடித்துத்தான் நடப்பார். தோட்டத்து மில்லில் வேலை, அதுவும் போய்விட்டது. நம் நாட்டில் வருடத்துக்கு 6,000 பேருக்கு மேல் சாலையில் சாகிறார்கள், அதில் பத்தில் ஆறு பேருக்கு மேல் மோட்டாரில் போகிறவர்கள். கார்காரருக்குப் பம்பர் போகும் இடத்தில் எங்களுக்குக் கால் போகும். பிள்ளைகளைக் காப்பாற்றுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் இரவில் தெரியாத இரும்பை நடாதீர்கள்.

ஓய்வுபெற்ற டெக்னீஷியன், தைப்பிங்:

தங்கச்சி சொல்வது முழுக்கச் சரி, நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். வண்டி போகும் தடத்துக்குப் பக்கத்தில் வளைந்து கொடுக்கும் பிளாஸ்டிக் தூண்தான் வைக்க வேண்டும். இரும்பு என்றால் கல் விளிம்பிலிருந்து ஒன்றரை அடியாவது உள்ளே தள்ளி, ஒரு மீட்டர் உயரத்தில், தலையில் ஒளி திருப்பும் பட்டையோடு. பட்டையை மாற்றுவது யார் பொறுப்பு என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். நட்டதோடு மறந்துபோன தூண்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

குலை லோரி:

அக்கா, நான் 14 வருடமாகச் செம்பனைக் குலை ஏற்றுகிறவன். ஐயா வளைவை இறுக்கச் சொல்கிறார். கார் திரும்பிவிடும், நான் எப்படித் திரும்புவது? முன் டயர் போன வழியில் பின் டயர் வராது, உள்ளே வெட்டிக்கொண்டு வரும். முனை இறுகினால் என் பின் டயர் அஞ்சடி மேலேதான் ஏறும். பிள்ளைகள் நிற்கிற இடத்தில் அப்படி ஏற்ற எனக்கு மனசு வராது. அதையும் யோசித்துச் சொல்லுங்கள்.

பூக்கடை அக்கா:

தம்பி கேட்டது இரண்டு நாளாக மண்டையிலேயே நின்றது. சரி, அளந்தே பார்ப்போம் என்று நேற்று விடியற்காலை 5 மணிக்குத் தரை காய்ந்திருந்தபோது முனை முழுக்கக் கோலமாவைத் தூவி வைத்தேன். கோயில் குருக்கள் என்ன விசேஷம் என்று கேட்டார், சொன்னதும் அவரும் ஒரு சொளகில் மாவு கொண்டுவந்து கொடுத்தார்.

9 மணிக்குப் பார்த்தால் கதை தரையிலேயே இருக்கிறது. கார் டயர்கள் போன இடம் கறுப்பாக, வளைவை ஒட்டியே ஓடியிருந்தது. குலை லோரி மூன்று போயின. பின் டயர் தடம், தம்பி சொன்ன மாதிரியே, முன் டயர் தடத்துக்கு உள்ளே வந்திருந்தது. ஆனால் பெரிய சாலைப் பக்கத்தில், முதல் தூணுக்கும் அந்தப் பின் டயர் தடத்துக்கும் நடுவே வெள்ளை மாவு அப்படியே கலையாமல் கிடந்தது. தையல் டேப்பை வைத்து அளந்தேன், நாலு அடி இரண்டு அங்குலம். அவ்வளவு இடமும் யாருக்கும் தேவைப்படாமல் சும்மா கிடக்கிறது. மூன்றாவது தூண் பக்கம் வரவர மாவு ஒரு சாணாகக் குறுகிவிட்டது. அங்கே லோரிக்கே இடம் சரியாக இருக்கிறது. அப்போதுதான் ஏன் அந்தத் தூண் மட்டும் அடிபடுகிறது என்று என் கண்ணுக்கே தெரிந்தது. பக்கத்துத் துணிக்கடைத் தங்கச்சி மாடியிலிருந்து படம் எடுத்தாள், கீழே போடுகிறேன்.

ஐயா, இதைப் பார்த்துச் சொல்லுங்கள். நாலடி இருக்கும் பக்கம் கல் விளிம்பை வெளியே கொண்டுவந்து இறுக்கலாமா? மூன்றாவது தூணை ஒன்றரை அடி உள்ளே தள்ளி உயரமாக நடலாமா? கடக்கும் இடத்தை முனையிலேயே வைக்காமல் ஆறாவது தூணுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோனால், வெளியே வரும் கார் தலையைத் திருப்புவதற்கு முன்னாலேயே பிள்ளைகளைப் பார்த்துவிடும் என்று நினைக்கிறேன்.

ஓய்வுபெற்ற டெக்னீஷியன், தைப்பிங்:

மூன்றுமே சரி. நாலடியில் மூன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், லோரிக்கு ஓரடி மிச்சம் இருக்கட்டும். விளிம்பைச் சரிவாக, சொரசொரப்புக் கல்லில் கேளுங்கள். தப்பித் தவறிப் பின் டயர் ஏறினாலும் இறங்கிவிடும், கார்காரருக்குத் தூக்கிப் போடும். அந்தப் படத்தைப் பெரிதாக அச்செடுத்துக்கொண்டு போங்கள்.

குலை லோரி:

மூன்று அடி என்றால் நான் திரும்பிவிடுவேன் அக்கா. தேவைப்பட்டால் கூட்டத்துக்கு வந்து சொல்கிறேன்.

பூக்கடை அக்கா:

வா தம்பி. வெள்ளிக்கிழமை இரவு 8 மணிக்கு, கோயில் மண்டபத்தில். தாள் கொண்டுவந்த கடைக்காரர்களிடம் படத்தைக் காட்டினேன், இரண்டு பேர் கையெழுத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். தங்கச்சி சொன்னதற்காக நேற்றே சைக்கிள் கடையில் ஒளிப்பட்டை வாங்கி ஆறு தூணுக்கும் சுற்றிவிட்டேன், இரவில் கடை சாத்தும்போது தூரத்திலிருந்தே தெரிகிறது. அந்தப் பிள்ளையை இனிமேல் ஆறாவது தூணுக்கு அப்பால் நிற்கச் சொல்லியிருக்கிறேன். பழக்கம் விடுமா, இன்றைக்கும் மூன்றாவதற்கே ஓடினாள். அதனால் பள்ளி விடும் நேரத்துக்குக் கடையைத் துணிக்கடைத் தங்கச்சியிடம் விட்டுவிட்டு நானே போய் அவளோடு நிற்கிறேன்.