வீட்டு மிக்ஸிங்குக்கு மூடிய ஹெட்போனா, திறந்ததா?

கேள்வி:
மாடி அறையில் குரல், மிருதங்கம், தம்புரா பதிந்து நானே மிக்ஸ் செய்கிறேன். என் பழைய மூடிய ஹெட்போனில் கச்சிதமாகக் கேட்கும் பாட்டு, அக்காவின் காரில் போட்டால் மிருதங்கத்தின் தொப்பி (பாஸ், அதாவது கனமான கீழ் ஒலி தரும் பக்கம்) மட்டும் குமுறுகிறது. சென்ஹைசர் எச்டி 600 வாங்கலாமா? கீழே பஸ் ஸ்டாப், ஹாரன் ஓயாது.

பதில்:
எச்டி 600 திறந்த வகை, அதாவது காதுக் கிண்ணத்தின் வெளிப்பக்கம் ஒலி போய்வர விடும். குரல் அவ்வளவு இயல்பாகக் கேட்கும். ஆனால் ஹாரனும் உள்ளே வரும்; போட்டுக்கொண்டு பாடினால் ஹெட்போனில் ஓடும் தம்புரா மைக்கில் கசியும். பதிவுக்கு மூடியதையே வைத்துக்கொள்ளுங்கள், மிக்ஸிங் ராத்திரியில். அப்புறம் அதன் மின்மறுப்பு (இம்பீடன்ஸ்) 300 ஓம். லேப்டாப்பில் நேராகச் செருகினால் சத்தம் போதாமல் போகலாம். நல்ல ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கையும் ஹெட்போனையும் லேப்டாப்போடு இணைக்கும் பெட்டி) இருக்கிறதா?

பதில்:
அண்ணா, முதலில் காது மெத்தையைப் பாருங்கள். தோல் உரிந்து கறுப்புத் துகள் காதில் ஒட்டுகிறதா? மெத்தை சரியாகப் பதியாவிட்டால் பாஸ் குறைவாகக் கேட்கும், நீங்களும் தொப்பியை ஏற்றிக்கொண்டே போவீர்கள். சில நூறு ரூபாய் வேலை.

கேட்டவர்:
உரிந்துதான் கிடக்கிறது! கண்ணாடி வேறு போடுகிறேன், அந்த இடைவெளி தனி. மெத்தை ஆர்டர் போட்டாயிற்று. இன்டர்ஃபேஸ் இருக்கிறது, எச்டி 600 பொங்கலுக்கு அப்புறம் பார்க்கலாம்.