இன்டைரக்ட் ரூல், நேட்டிவ் அத்தாரிட்டி: கானோ கட்டுரைக்குச் சொற்கள்

அன்பர்களுக்கு வணக்கம்.

கானோ அமீரகம் (இன்றைய நைஜீரியாவின் வடக்கில், அமீர் எனும் முஸ்லிம் மன்னர் ஆண்ட நாடு) பற்றிய கட்டுரைக்குச் சொல் தேவை. 1903 பிப்ரவரியில் பிரித்தானியர் கானோவைப் பிடித்தனர். அமீர் அலியுவை நாடுகடத்திவிட்டு, அவருடைய சகோதரர் முகம்மது அப்பாஸை அதே பதவியில் அமர்த்தினர். அமீரையும் காதிகளையும் (இஸ்லாமிய நீதிபதிகள்) வைத்துக்கொண்டே ஆண்ட இந்த முறையை, அதாவது ‘இன்டைரக்ட் ரூல்’ என்பதை, ‘மறைமுக ஆட்சி’ என்கிறோம். இதில் மறைவு எங்கே? அமீர்களை நியமிப்பதும் வரி விதிப்பதும் இனித் தங்கள் உரிமை என்று வட நைஜீரியாவின் பிரித்தானிய உயர் ஆணையர் லுகார்டு 1903 மார்ச்சில் சொக்கோட்டோவில் வெளிப்படையாகவே அறிவித்தார். ‘வழியாட்சி’ எனலாமா?

---

> இதில் மறைவு எங்கே?

மறைமுக வரி, மறைமுகத் தேர்தல் எல்லாம் புழக்கத்தில் இருக்க, இந்த வாதம் நிற்காது ஐயா. ‘வழியாட்சி’யை ‘வழிவழி ஆட்சி’ என்றுதான் படிப்பார்கள். அமீர் பதவியும் பரம்பரையானது, மயக்கம் கூடும். ‘ஊடாட்சி’ பொருந்துமா பாருங்கள்.

---

‘வழி’, ‘ஊடு’ இரண்டும் அமீரை வெறும் குழாயாகக் காட்டுகின்றன. நடந்தது அதுவல்ல, குழாயையே பிரித்து மாட்டினார்கள். வரியை வைத்துப் பாருங்கள்.

முன்பு ஹாகிமிகள், அதாவது பட்டம் பெற்ற பிரபுக்கள், கானோ நகரத்தில் இருந்தனர். அவர்களுக்கு உரிய ஊர்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடந்தன. ‘ஜகாடா’ எனப்படும் தூதர்கள் போய் வரி திரட்டினர். ஒவ்வொரு கையிலும் கொஞ்சம் ஒட்டியது. பிரித்தானியர் ஊர்களைத் தொடர்ச்சியான வட்டங்களாகச் சேர்த்து, ஹாகிமிகளை நகரத்தைவிட்டு அங்கேயே போய்க் குடியிருக்கச் சொன்னார்கள். ஊர்த்தலைவர் திரட்டுவது, ஹாகிமி வாங்கி அனுப்புவது என்று ஏணி மாறியது. 1906 வருவாய்ச் சட்டத்துக்குப் பின் வசூலில் ஒரு பங்கு காலனி அரசுக்கு, மிச்சம் அமீரகத்துக்கு. பின்னர் அது வழக்கமாகப் பாதிக்குப் பாதி ஆயிற்று. அமீருக்கே மாதச் சம்பளம்.

இடறியதும் இங்கேதான். நகரத்தை விட்டால் அரண்மனைச் செல்வாக்கு போகும் என்று ஹாகிமிகள் தயங்கினர். கானோவுக்குப் பொறுப்பான பிரித்தானிய அதிகாரி (ரெசிடென்ட்) கார்கில் அரண்மனை அடிமை அலுவலர் ஒருவரை வசீராக (தலைமை அமைச்சர்) ஆக்கியபோது அமீரும் பிரபுக்களும் முரண்டினர். பின்னால் அந்த ஏற்பாட்டைக் கைவிட வேண்டியதாயிற்று.

ஆகவே பெரிய சொல்லுக்குப் பழைய ‘மறைமுக ஆட்சி’யே இருக்கட்டும். பிழை நுழைவது சின்னச் சொற்களில். ஹாகிமிக்கு ஒரே சொல் வைத்தால் இந்த மாற்றம் கட்டுரையில் தெரியவே தெரியாது. முந்தைய நிலைக்கு ‘ஜாகீர்தார்’, பிந்தையதற்கு ‘வட்டத் தலைவர்’. ஆள் அவரேதான், வேலை வேறு.

---

ஏற்கிறேன். ‘நேட்டிவ் அத்தாரிட்டி’க்கு, அதாவது பிரித்தானியர் அங்கீகரித்த உள்ளூர் நிர்வாகத்துக்கு? ‘சுதேச சமஸ்தானம்’ நமக்குப் பழகிய சொல் என்பதால் ‘சுதேச ஆட்சியமைப்பு’ என்கிறேன். ‘நேட்டிவ் டிரெஷரி’யை அவர்களே ‘பைத்துல்மால்’ என்றார்கள். அதையே வைக்கலாம் அல்லவா?

---

‘சுதேச’ சரி. ஆனால் கானோவைச் சமஸ்தானம் என்று எழுதிவிடாதீர்கள். திருவிதாங்கூர் மாதிரி உடன்படிக்கை உறவு அல்ல, நியமனம்.

‘பைத்துல்மால்’ வேண்டாம். நம் ஜமாஅத்களில் அது ஏழைகளுக்கு உதவும் நிதி. கானோவில் அது வரவு செலவுத் திட்டம் போட்டு, காதிக்கும் காவலருக்கும் சிறைக்கும் சம்பளம் கொடுத்த நிர்வாகக் கருவூலம். ‘சுதேசக் கருவூலம்’ என்று எழுதி, முதல் தடவை மட்டும் உள்ளூர்ப் பெயரைச் சுட்டினால் போதும்.

‘அமீரக ஆட்சியமைப்பு’ என்று யாராவது திருத்த வந்தால் தடுத்துவிடுங்கள். இதே ஏற்பாட்டை நைஜீரியாவின் தென்கிழக்கில் இக்போ மக்களிடமும் திணித்தார்கள். அங்கே அமீர் கிடையாது. பெரும்பாலும் மன்னரும் கிடையாது. சான்றிதழ் கொடுத்துத் தலைவர்களை உண்டாக்கினார்கள். 1929இல் பெண்கள் கிளர்ந்து அந்தத் தலைவர்களின் பதவிச் சின்னமான தொப்பியைப் பறித்தனர். அங்கும் பொருந்துகிற சொல்லாக இருக்க வேண்டும்.

---

மிச்சம் ஒன்று: ‘ஜங்கலி’. மாட்டுத் தலைக்கு இவ்வளவு என்று ஃபுலானி மேய்ப்பர்களிடம் வாங்கியது. ‘கால்நடை வரி’ என்றால் ஆடு, கழுதை எல்லாம் சேர்ந்துவிடும். ‘மந்தை வரி’ என்கிறேன். எண்ண வருமுன் மந்தையை எல்லை தாண்டி ஓட்டிவிடுவது வழக்கமாதலால், அதன் வசூல் கணக்கை மாட்டுத் தொகையாக எடுத்து அட்டவணையில் போடாதீர்கள்.