ராத்திரி ஒன்பதேகாலுக்கு இரும்புக்கை மாயாவி: எட்டு வயதுப் பெண்ணுக்குப் படித்துக் காட்டலாமா?

திருப்பூர்க்காரி:

வணக்கம். பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர் வேலை எனக்கு. காலை எட்டரைக்குப் போனால் ஒன்றரை ஷிப்ட் முடிந்து வீடு வர ராத்திரி எட்டரை தாண்டிவிடும். அப்புறம் சாப்பாடு, பாத்திரம், மறுநாள் யூனிஃபார்ம். எல்லாம் ஒதுங்கி மகளோடு உட்காரும்போது மணி ஒன்பதேகால். ஸ்கூல் வேன் காலையில் ஏழேகாலுக்கே வந்து நிற்கும் என்பதால் ஒன்பதே முக்காலுக்கு அவள் தூங்கியாக வேண்டும். அந்த அரை மணி நேரம்தான் எங்கள் இரண்டு பேருக்குமானது.

இவ்வளவு நாளும் அதைச் செல்போன் வாங்கிக்கொண்டது. தமிழில் டப் செய்த கார்ட்டூனை அவள் பார்ப்பாள், நான் பக்கத்தில் துணி மடிப்பேன். கார்ட்டூனைக் குறை சொல்ல வரவில்லை, ஷின்சான் பேச்சுக்கு நானும் சேர்ந்து சிரிப்பேன். ஆனால் அவள் ஸ்கிரீனைப் பார்க்கிறாள், நான் அவளைப் பார்க்கிறேன். அவள் என்னைப் பார்ப்பதே இல்லை.

போன மாதம் சென்னிமலையில் அப்பா வீட்டுப் பரணிலிருந்து ஒரு தகரப் பெட்டியை இறக்கினோம். திறந்தால் பூராவும் பழைய முத்து காமிக்ஸ், இரும்புக்கை மாயாவி கதைகள். கரண்ட் பாய்ந்தால் உடம்பு மறைந்துபோகிற ஆள்தான் இந்த மாயாவி. ஓரமெல்லாம் பூச்சி அரித்திருந்தது, உள்ளே எழுத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்பா தறி நெய்தவர். கூலி வாங்குகிற சனிக்கிழமை ஈரோட்டுக்குப் போனால் பழைய புத்தகக் கடையில் ஒன்றாவது வாங்காமல் வரமாட்டார். ராத்திரி என்னை மடியில் வைத்துக்கொண்டு சத்தமாகப் படிப்பார். மாயாவி மேல் கரண்ட் பாயும் இடம் வந்தால் குரலை இறக்கிக்கொண்டு என் மணிக்கட்டை லேசாகக் கிள்ளுவார். அப்போதே எனக்கு உடம்பெல்லாம் சிலிர்க்கும். அதே கிள்ளலை மகளுக்குக் கொடுத்துப் பார்த்தேன். 'அய்யோ' என்று கையை இழுத்துக்கொண்டாள், உடனே 'இன்னொரு தடவை' என்று நீட்டினாள்.

மூன்றாம் நாள் ராத்திரி நான் பாத்திரம் கழுவிவிட்டு வந்தால், அவள் அயர்ன் பாக்ஸ் பக்கத்தில் இருக்கிற பிளக் பாயிண்ட்டுக்கு நேராக நின்றுகொண்டிருக்கிறாள். 'அம்மா, இதுல விரல வச்சா நானும் மறைஞ்சிருவேனா?' என்கிறாள். எனக்குக் கை கால் ஓடவில்லை. புத்தகத்தைத் தூக்கி பீரோ மேல் வைத்துவிட்டேன். நான்கு நாளாகத் திரும்பவும் செல்போன்தான்.

இதை இந்த வயதில் படித்துக் காட்டலாமா? அப்புறம் இன்னொன்று. நான் முதல் கட்டத்தைப் படித்துக்கொண்டிருக்கும்போதே அவள் அந்தப் பக்கத்துப் படங்களை எல்லாம் பார்த்துவிட்டு 'முடிஞ்சுபோச்சு, திருப்பு' என்கிறாள். படிப்பது இங்கிலீஷ் மீடியம், தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். காமிக்ஸ் படித்துக் காட்டுகிற அப்பா அம்மாக்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

வயர்மேன் அப்பா:

அக்கா, புத்தகத்தை ஒளிக்காதீங்க. ஒளித்தால் அந்தக் கேள்வி அவள் மனசுக்குள்ளேயே இருக்கும். உங்களிடம் வாய்விட்டுக் கேட்டாளே, அதுவே நல்லது. வயரிங் வேலைக்காரனாகச் சொல்கிறேன், நேராகச் சொல்லிவிடுங்கள்: கதையில் மாயாவி மறைகிறான், நிஜத்தில் கரண்ட் பட்டால் கை ஒட்டிக்கொள்ளும், இழுக்க முடியாது, நெஞ்சு நின்றுபோகும். என் பையனுக்கு டெஸ்டரை வைத்து விளக்கு எரிவதைக் காட்டி, 'இதுக்குள்ள இருக்கிறது உன் கண்ணுக்குத் தெரியாது, அதனாலதான் அப்பா செருப்பு போட்டுக்கிட்டு, மெயினை ஆஃப் பண்ணிட்டு வேலை செய்யறேன்' என்று சொன்னேன். அவனுக்குப் புரிந்தது.

கூடவே வீட்டையும் பாருங்கள். மெயின் போர்டில் ஆர்சிசிபி என்கிற பாதுகாப்பு ஸ்விட்ச் இருக்கிறதா? 30 மில்லி ஆம்பியர் உள்ளதாக இருக்க வேண்டும். உடம்பு வழியாகத் தரைக்குக் கரண்ட் கசிந்தால் உடனே கட் ஆகிவிடும். டெஸ்ட் பட்டனை அழுத்தி, விழுகிறதா என்று பாருங்கள். ஆனால் ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்துத் தொட்டால் அதுவும் காப்பாற்றாது. அதனால் கைக்கு எட்டுகிற பிளக்கையெல்லாம் ஷட்டர் வைத்த சாக்கெட்டாக மாற்றிவிடுங்கள். நீளமான எர்த் பின் மேலே நுழைந்தால்தான் கீழே இருக்கிற இரண்டு ஓட்டையும் திறக்கும். பெரிய செலவில்லை, ஒரு மணி நேர வேலை. வாடகை வீடாக இருந்தாலும் மாற்றுங்கள்.

நைட் டூட்டி:

நான் நர்ஸ், மதுரை. பையனுக்கு ஏழு வயது. படத்தைப் பார்த்துவிட்டு முந்துவது எங்கள் வீட்டிலும் உண்டு. பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் ஒரு கட்டம் அளவுக்கு ஜன்னல் மாதிரி வெட்டிவிட்டேன். அதைப் பக்கத்தின் மேல் வைத்துக் கட்டம் கட்டமாக நகர்த்துகிறோம். நகர்த்துகிற வேலை அவனுக்கு, படிக்கிற வேலை எனக்கு. இரண்டு சொல்லுக்குள் இருக்கிற பேச்சு பலூன் எல்லாம் அவனுடையது. 'ஆ!', 'யாரது?', 'ஓடு!' இதையெல்லாம் அவன்தான் படிக்க வேண்டும். சத்தங்களும் அவன் பங்கு. 'டமால்' வருகிற பக்கத்துக்காகவே காத்திருப்பான். ஆறு மாதத்தில் நீளமான பலூனையும் கேட்டு வாங்க ஆரம்பித்துவிட்டான்.

பழைய புத்தகப் பெட்டி:

1972ல் முத்து காமிக்ஸ் சிவகாசியிலிருந்து ஆரம்பித்ததே இரும்புக்கை மாயாவியை வைத்துத்தான். அப்பா சேர்த்து வைத்ததைத் தயவுசெய்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள். வெயில் நேரடியாகப் படாத இடத்தில் ஒரு நாள் உலர்த்தி, பெட்டியில் வேப்பிலை போட்டு வையுங்கள்.

மாயாவி ஒரிஜினலாக பிரிட்டனில் 1962ல் 'வேலியன்ட்' என்ற வாரப் பத்திரிகையில் தொடராக வந்தவன். படம் வரைந்தவர் ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ. வாரத் தொடர் என்பதால் சில பக்கத்துக்கு ஒரு தடவை, ஆள் மாட்டிக்கொள்கிற மாதிரி ஒரு இடம் வந்தே தீரும். உங்கள் அரை மணிக்கு அதுதான் சரியான நிறுத்தம். அந்த இடத்தில் மூடிவிடுங்கள், மறுநாள் அவளே செல்போனை விட்டுவிட்டு வருவாள்.

முதல் கதை உங்களிடம் இருந்தால் அதைப் பிறகு படியுங்கள். அதில் அவன் நல்லவன் இல்லை. லேபில் நடந்த விபத்தில் வலது கையை இழந்து, மறையும் சக்தி வந்ததும் திருடப் போகிறான். நிழற்படை என்கிற ரகசியப் படையில் ஏஜென்ட் ஆன பிறகு வருகிற கதைகள் குழந்தைக்குப் பொருந்தும். கலரில் வேண்டுமென்றால் லக்கி லூக், சிரிப்புக் கவ்பாய் காமிக்ஸ். அதில் வருகிற திருடர்கள், உயரவாரியாக நிற்கிற நான்கு டால்டன் சகோதரர்களில் குட்டையானவனுக்குத்தான் கோபம் அதிகம், நெட்டையானவனுக்குப் பசி அதிகம். எட்டு வயதுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

திருப்பூர்க்காரி:

எல்லாருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை எலக்ட்ரீசியன் தம்பி வந்து மூன்று சாக்கெட் மாற்றிக் கொடுத்தார். மகளைப் பக்கத்தில் நிறுத்தி, பழைய சாக்கெட்டைக் கழற்றி, உள்ளே இருக்கிற பித்தளையைக் காட்டச் சொன்னேன். 'மாயாவிக்கு இரும்புக் கை இருக்கு, எனக்கு இல்லை' என்று அவளாகவே சொன்னாள். அது போதாது கண்ணு என்று நிஜத்தையும் சொன்னேன். கொஞ்சம் பயந்தாள். பயப்படட்டும்.

அட்டை ஜன்னல் செய்தாயிற்று. எங்கள் கம்பெனி சைஸ் அட்டையில் வெட்டினேன். மாமியார் கதை கேட்பதற்காக சீரியலைப் பாதியில் விட்டுவிட்டு வருகிறார். வில்லன் குரல் இப்போது அவருடையது.

நேற்று ஷிப்மென்ட். கன்டெய்னர் நிற்கிறது, நானூறு பீஸ் ரீசெக், வீட்டுக்கு எப்போது போவேன் என்றே தெரியவில்லை. ஒன்பதேகாலுக்கு மாமியார் போனிலிருந்து கால் வந்தது. எடுத்தால் மகள். 'அம்மா, நீ பீஸைப் பாரு, நான் படிக்கிறேன்' என்றாள். போனை ஸ்பீக்கரில் போட்டு அட்டைப் பெட்டி மேல் வைத்தேன். ஒவ்வொரு எழுத்தாக, 'க...த...வை... உ...டை' என்று வந்தது. என் டேபிளில் இருந்த நான்கு பெண்களும் கையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். இரண்டு பக்கம் முடிக்க இருபது நிமிஷம் ஆனது. மாயாவி லிஃப்டில் மாட்டிக்கொண்ட இடத்தில் நிறுத்திவிட்டு, 'மீதி நாளைக்கு, நீ வந்தாத்தான்' என்று வைத்துவிட்டாள்.