எலுமிச்சை வைத்த இடத்தில் பளபளப்பு போய்விட்டது, இது உண்மையிலேயே குவார்ட்ஸைட்தானா?

கோவை புதுவீடு:

வணக்கம். வீட்டு வேலை கடைசிக் கட்டத்தில் இருக்கிறது. சமையல் மேடைக்கு வழக்கமான கருப்பு கிரானைட் வேண்டாம், கொஞ்சம் வெளிச்சமாகப் போடலாம் என்று மூன்று வாரமாகக் கல் கடைகளில் அலைகிறேன். போகிற இடமெல்லாம் குவார்ட்ஸைட் புராணம்தான். மார்பிள் மாதிரி அழகு, கிரானைட்டை விடக் கெட்டி என்கிறார்கள்.

ஒரே கடையில் இரண்டு சாம்பிள் வாங்கி வந்தேன். ஒன்று வெண்ணெய் நிறம், 'தாஜ்மஹால்' என்றார்கள். இன்னொன்று வெள்ளையில் சாம்பல் புகை ஓடியது போல இருக்கும், பெயர் 'சூப்பர் ஒயிட்'. என் மனசு இரண்டாவதில்தான். முந்தாநாள் ராத்திரி இரண்டின் மேலும் அரை மூடி எலுமிச்சையைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் படுத்தேன். காலையில் துடைத்துப் பார்த்தால் தாஜ்மஹாலில் ஒன்றுமில்லை. சூப்பர் ஒயிட்டில் மூடி இருந்த அளவுக்கே வட்டமாக, பளபளப்பு செத்த ஒரு தடம். சோப்பு போட்டேன், ஆப்ப சோடா போட்டேன், அசையவில்லை. விரலால் தடவினால் அந்த இடம் மட்டும் லேசாகச் சொரசொரக்கிறது.

கடையில் கேட்டால், "சீலர் அடிக்காத கல்லுங்க, அதான். அடிச்சா வராது" என்கிறார்கள். நம்பலாமா? சனிக்கிழமை அட்வான்ஸ் தர வேண்டும். எங்கள் வீட்டு மேடையில் புளியும் மஞ்சளும் சிந்தாத நாளே கிடையாது.

ஓசூர் கல் பட்டறை:

அட்வான்ஸைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள் மேடம். நீங்கள் பார்த்தது கறை இல்லை. கறை என்றால் நிறம் உள்ளே இறங்கியிருக்கும், கல்லின் மேல்முகம் அப்படியே இருக்கும். உங்களுக்கு நிறம் மாறவில்லை, பாலிஷ்தான் போயிருக்கிறது. புளிப்பு கல்லைத் தின்றிருக்கிறது. சோப்பு போட்டு எப்படிப் போகும்? அங்கே அழுக்கே இல்லையே.

சீலர் என்பது கல்லின் நுண்துளைகளை அடைத்து எண்ணெய், தண்ணீர் ஊறாமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். புளிப்பு தின்பதை அது தடுக்காது. அந்தக் கடைக்காரர் தெரியாமல் சொன்னாரா தெரிந்தே சொன்னாரா என்பதற்குள் நான் போகவில்லை. எங்கள் தொழிலில் கல்லின் பெயர் துணிக்கடையில் புடவைக்கு வைக்கிற பெயர் மாதிரி. சூப்பர் ஒயிட் என்று வருகிற கல் பெரும்பாலும் டோலமைட் மார்பிள். 'சாஃப்ட் குவார்ட்ஸைட்' என்று யாராவது சொன்னாலும் உஷாராகுங்கள். குவார்ட்ஸைட்டில் சாஃப்ட் என்று ஒன்று இல்லை.

மண்ணியல் வாத்தியார்:

பட்டறைக்காரர் சொன்னது சரி. காரணம் இதுதான். மணற்கல் பூமிக்கடியில் சூட்டிலும் அழுத்தத்திலும் வெந்து, மணல் மணிகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டால் குவார்ட்ஸைட். அது முக்கால்வாசிக்கும் மேல் குவார்ட்ஸ் என்ற கனிமம்தான். மோஸ் கடினத்தன்மை அளவில் 7. எலுமிச்சையோ புளியோ அதை ஒன்றும் செய்யாது. மார்பிள் சுண்ணாம்புக் கல்லிலிருந்து வருவது. அதிலுள்ள கால்சைட் 3, டோலமைட் மூன்றரைக்கும் நாலுக்கும் இடையில். இரண்டும் கார்பனேட், புளிப்புக்கு ஆகாது.

சாம்பிள் கையில்தானே இருக்கிறது? பாலிஷ் போட்ட பக்கம் வேண்டாம், அங்கே ரெசின் (பிளாஸ்டிக் மாதிரி இறுகும் பிசின்) பூசியிருந்தால் ஏமாற்றும். உடைந்த ஓரத்தை எடுத்து ஒரு பழைய கண்ணாடி பாட்டிலில் அழுத்திக் கீறுங்கள். பிறகு ஈரத்துணியால் துடைத்து நகத்தால் தடவிப் பாருங்கள். குவார்ட்ஸைட் என்றால் நகம் மாட்டுகிற மாதிரி கீறல் விழுந்திருக்கும். மார்பிள் என்றால் வெள்ளைப் பொடி மட்டும் ஒட்டியிருந்து துடைத்ததும் போய்விடும். அடுத்து, ஒரு இரும்பு ஆணியால் கல்லைக் கீறுங்கள். மார்பிளில் பள்ளம் விழும். குவார்ட்ஸைட்டில் பென்சில் கோடு மாதிரி சாம்பல் நிறத்தில் ஒரு தடம் வரும். அது கல்லின் காயம் இல்லை, ஆணி தேய்ந்த பொடி.

ஒன்று கவனம். கிரானைட்டும் கண்ணாடியைக் கீறும். அதனால் இந்தச் சோதனை மார்பிளை ஒதுக்கத்தான் உதவும்.

அம்பத்தூர் அடுப்படி:

இவ்வளவு ஆராய்ச்சி எதற்குங்க? குவார்ட்ஸ் போட்டுவிடுங்கள். சீலரும் வேண்டாம், எலுமிச்சை பயமும் வேண்டாம். எங்கள் வீட்டில் மூன்று வருஷமாக இருக்கிறது.

ஓசூர் கல் பட்டறை:

புளிப்பு விஷயத்தில் அம்பத்தூர் சொல்வது நியாயம். ஆனால் படிக்கிறவர்கள் குழம்பக்கூடாது: குவார்ட்ஸ் வேறு, குவார்ட்ஸைட் வேறு. கடைகளில் குவார்ட்ஸ் என்று விற்பது குவார்ட்ஸ் பொடியை ரெசினில் கலந்து கம்பெனியில் அழுத்திச் செய்த கல். அடுப்பிலிருந்து இறக்கிய குக்கரையோ தோசைக்கல்லையோ அதன் மேல் நேரடியாக வைத்தால் ரெசின் பழுத்துவிடும், சில சமயம் விரிசலும் விடும். ஜன்னல் வெயில் நாள் முழுக்க விழுகிற இடத்திலும் மஞ்சளாகலாம்.

இன்னொன்று, இது என் பக்கத்துக் கவலை. அந்தக் கல்லை அறுக்கும்போது வருகிற சிலிக்கா தூசு நுரையீரலைக் கெடுக்கும். ஆஸ்திரேலியாவில் 2024 ஜூலை 1 முதல் அந்தச் செயற்கைக் கல்லுக்குத் தடையே போட்டுவிட்டார்கள். குவார்ட்ஸைட்டிலும் சிலிக்கா இருக்கிறது, அதை மறைக்கவில்லை. எந்தக் கல்லானாலும் உங்கள் வீட்டு வாசலில் வைத்து உலர்வாக அறுக்க விடாதீர்கள். தண்ணீர் விட்டு அறுக்கச் சொல்லுங்கள், அறுக்கிறவர் முகத்தில் சரியான மாஸ்க் இருக்கிறதா பாருங்கள். கைக்குட்டை கட்டுவது கணக்கில் சேராது.

திருச்சி அக்கா:

எங்கள் வீட்டில் வெளிர் நிறக் குவார்ட்ஸைட் போட்டு நாலு வருஷம் ஆகிறது. எலுமிச்சை, தயிர், புளிக்கரைசல் எதுவும் ஒன்றும் செய்யவில்லை. மஞ்சள்தான் வம்பு. மிக்ஸி ஜாருக்கு அடியில் மஞ்சள் தண்ணீர் ஒரு ராத்திரி நின்று, வளையம் விழுந்துவிட்டது. ஆப்ப சோடாவை ஹைட்ரஜன் பெராக்சைடில் குழைத்துப் பத்து மாதிரி போட்டு, மேலே பிளாஸ்டிக் தாள் மூடி ஒரு நாள் விட்டேன். பாதி போனது. மீதியை வெயில் எடுத்துவிட்டது. மஞ்சள் வெயிலுக்கு நிற்காது, வேட்டிக் கறைக்கு நம் அம்மாக்கள் செய்ததுதானே.

சீலர் தேவையா என்பதற்குக் கடைக்காரரைக் கேட்காதீர்கள், கல்லையே கேளுங்கள். நாலு சொட்டுத் தண்ணீர் விட்டுக் கால் மணி நேரம் கழித்துத் துடைத்துப் பாருங்கள். அந்த இடம் கருத்திருந்தால் குடித்திருக்கிறது, சீலர் அடிக்க வேண்டும். நான் வருஷத்துக்கு ஒருமுறை இப்படிப் பார்த்துவிட்டுத்தான் அடிக்கிறேன்.

கோவை புதுவீடு:

எல்லோருக்கும் நன்றி. நேற்று பாட்டிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தாஜ்மஹால் ஓரத்தை வைத்து இழுத்ததும் 'கீர்ர்' என்று பல் கூசுகிற சத்தம், பாட்டிலில் நீளமாக ஒரு கோடு. சூப்பர் ஒயிட் வழுக்கிக்கொண்டு போனது, துடைத்தால் பாட்டில் புதுசு போல. ஆணிச் சோதனையும் அப்படியே. ஆசைப்பட்டது போனதில் வருத்தம்தான். அதைப் பூஜை அறைக்குப் போடலாம் என்கிறார் வீட்டுக்காரர், அங்கேயும் எண்ணெயும் குங்குமமும் இருக்கிறதே என்று யோசனை.

தாஜ்மஹாலில் தண்ணீர்ச் சொட்டு லேசாகக் கருத்தது, சீலர் அடித்துக்கொள்கிறேன். கடைசியாக ஒரு கேள்வி. மேடை எல் வடிவம், ஒரு பக்கம் 11 அடி. கீழே கான்கிரீட் பலகை இருக்கிறது. 20 மில்லிமீட்டர் கனக் கல் போதுமா? அடுப்புக்கு வெட்ட வேண்டும்.

ஓசூர் கல் பட்டறை:

கீழே பலகை முழுசாகத் தாங்குவதால் 20 மில்லி போதும். சதுர அடிக்குக் கிட்டத்தட்ட 5 கிலோ வரும், தூக்க ஆள் சொல்லிவையுங்கள். 11 அடிக்கு ஒரே ஸ்லாப் கிடைப்பது கஷ்டம், ஒரு ஜாயின்ட் வரும். அதைச் சிங்க் மேலோ அடுப்பு மேலோ விழாமல் நடுவில் எங்காவது வைக்கச் சொல்லுங்கள்.

அடுப்புக்கு வெட்டும்போது உள்மூலை நாலையும் வளைத்து வெட்ட வேண்டும். நேர் மூலையாக வெட்டினால் விரிசல் அங்கேதான் தொடங்கும். கல் கெட்டி என்பதால் பிளேடு சீக்கிரம் தேயும், அறுப்புக் கூலி கிரானைட்டை விடக் கூடுதலாகக் கேட்பார்கள், அது நியாயம்தான். அப்புறம், சாம்பிளைப் பார்த்துப் பணம் கட்டாதீர்கள். குடோனுக்கே போய், உங்களுக்கு வரப்போகிற ஸ்லாப்பின் அறுத்த ஓரத்தில் எலுமிச்சை தடவிப் பார்த்து, அதன் மேல் உங்கள் கையாலேயே பெயர் எழுதிவிட்டு வாருங்கள். பாட்டிலையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.