புதுப்பிப்பு: பினாங்கு பெடல் ஆர்கனில் (காலால் மிதித்துக் காற்றடைக்கும் ஆர்கன்) இப்போது காற்று தங்குகிறது

போன பதிவில் கேட்டது: மிதித்தாலும் துருத்தியில் காற்று தங்கவில்லை, இரண்டு சுரம் விரலெடுத்த பிறகும் ஒலிக்கிறது.

துருத்தித் துணி மடிப்பு மூலைகளில் வெடித்திருந்தது. ஒட்டுப்போட்டால் பக்கத்திலேயே கிழியும் என்பதால் முழுதாக மாற்றியாயிற்று: ரப்பர் பூசிய துணி, வச்சிரப்பசை (விலங்குத் தோலிலிருந்து காய்ச்சும் பசை). 60 டிகிரியைத் தாண்டிச் சூடாக்கினால் பசையின் பிடிமானம் போய்விடும்.

சுரம் நிற்காததற்கு ரீடு (காற்றில் அதிர்ந்து ஒலிக்கும் உலோக நாக்கு) காரணமில்லை. வால்வைத் தள்ளும் மரக்குச்சி நம்ம ஊர் ஈரத்தில் ஊதித் துளையில் சிக்கியிருந்தது, அதனால் வால்வு மூடவில்லை. உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து கிராஃபைட் பொடி தடவினால் போதும். எண்ணெய் வேண்டவே வேண்டாம், மரம் இன்னும் ஊதும்.

ஒரு ரீடில் மட்டும் சுருதி இறங்கியிருக்கிறது. நாக்கின் நுனியைச் சுரண்டினால் ஏறும், அடியைச் சுரண்டினால் இறங்கும். ஆனால் முதலில் தூரிகையால் துடைக்க வேண்டும். நுனியில் படிந்த அழுக்கே சுருதியை இறக்கிவிடும்.